கடைமடைக்கும் தண்ணீர் போகிறது

மாப்ள,

நம் கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விட்ட நீர்க்கட்டித் தாத்தா போய்விட்டார் என்று நீ அனுப்பிய செய்தி, நான் சீனாவில் குன்மிங் ரயில் நிலையத்தில் இருக்கும்போது வந்தது. "இனிமே மடையை யாரு பாக்குறது? ஆளாளுக்கு மம்பட்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கிறானுங்க" என்று கடைசியில் எழுதியிருந்தாய். அதற்கு ரெண்டு வரி ஆறுதல் சொல்லி முடிக்க மனசு வரவில்லை. அன்றிலிருந்து உனக்கு இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டேதான் மலையில் நடந்தேன். இப்போது ஜியான்ஷுய் என்கிற பழைய ஊரில், ஒரு விடுதி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். செருப்பில் ஒட்டிய சேறு இன்னும் காயவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெய் போட்டுத் தேய்ப்பதோடு நிறுத்தாதே, டாக்டரிடம் கூட்டிப் போ. பாப்பாவுக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிறது; அவளை நச்சரிக்காதே. நீ எந்த லட்சணத்தில் படித்தாய் என்பது எனக்கும் புலவருக்கும் தெரியும், தேவைப்பட்டால் அவளிடம் சொல்லிவிடுவோம். ஒட்டடை மறுபடியும் கடையை இடம் மாற்றிவிட்டானாமே? இந்தத் தடவையாவது பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பார்த்தானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் போனது யுன்னான் மாகாணத்தின் தெற்குக் கோடியில் இருக்கிற யுவான்யாங். ஐலாவ் மலைத்தொடர். அடிவாரத்தில் ஹொங்ஹே, அதாவது செந்நதி. அதுதான் வியட்நாமுக்குள் போய் ஹனோயைத் தொட்டுக் கடலில் கலக்கிறது. ஆற்றோரம் ஒரே வெக்கை, வாழைத்தோட்டம். பஸ் வளைந்து வளைந்து ஏற ஏற ஸ்வெட்டரைத் தேட வேண்டியதாகிவிட்டது. இந்த மலைச்சரிவு முழுக்க ஹானி இன மக்கள் வெட்டிய அடுக்கு வயல்கள். ஆயிரத்து முந்நூறு வருஷ வேலை. 2013இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது: 16,603 ஹெக்டேர், 82 ஊர்கள். காட்டின் ஓரத்திலிருந்து பள்ளத்தாக்கு வரைக்கும் எண்ணினால் சில சரிவுகளில் மூவாயிரம் படி வருமாம்.

விடியலில் டுவோயீஷு என்ற இடத்தில் இருக்கிற பார்வை மேடைக்குப் போனேன். அங்கே எனக்கு வந்த எரிச்சலைக் கொஞ்சம் கேள். சீனப் புத்தாண்டு நெருங்குகிற நேரம். முக்காலி வைத்தவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மூன்று வரிசை. எல்லோருக்கும் ஒரே படம் வேண்டும்: தண்ணீரில் சூரியன். மூடுபனி விலகவில்லை என்று சலித்துக்கொண்டு பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். அந்த மூடுபனியால்தான் அந்த வயலில் தண்ணீரே இருக்கிறது என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். ஆற்றங்கரை வெக்கையில் ஆவியாகிற தண்ணீர் மேலே ஏறி, குளிர்ந்து, மலை உச்சிக் காட்டில் பனியாகவும் மழையாகவும் இறங்குகிறது. காடு அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஊற்றாகவும் ஓடையாகவும் வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. கண்மாய் இல்லை, அணை இல்லை. மேலே காடு, காட்டுக்குக் கீழே ஊர், ஊருக்குக் கீழே வயல், வயலுக்குக் கீழே ஆறு. இந்த வரிசை எங்கேயும் மாறவில்லை. காட்டில் ஒரு பகுதி ஊர்த் தெய்வத்துக்கு உரியது. அதில் கோடரி வைக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே ஊர் கூடிப் பூசை போடுகிறார்கள்.

மேடையை விட்டு இறங்கி வரப்பில் நடக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அந்த மலை பிடிபட்டது. விடுதிக்கார அக்கா தன் வயலுக்குப் போகிறேன், வா என்று கூப்பிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவுரி நீலச் சட்டை, ரப்பர் பூட்ஸ், தோளில் அகலமான மண்வெட்டி. அவருடைய சின்ன மகனும் கூட வந்தான். குவாங்டோங்கில் ஏதோ தொழிற்சாலையில் வேலை. புத்தாண்டு விடுமுறைக்கு வந்திருக்கிறான். அவன் போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலி வழியாகத்தான் எங்கள் பேச்செல்லாம்.

இங்கே வருஷத்துக்கு ஒரே போகம். ஏப்ரல், மே வாக்கில் நடவு, செப்டம்பர், அக்டோபரில் அறுப்பு. சிவப்பரிசி. ஆனால் அறுத்த பிறகும் வயலைக் காய விடுவதில்லை, மாப்ள. நாமெல்லாம் அறுப்பு முடிந்தால் எப்போது காயும், எப்போது மாட்டை அவிழ்த்து விடலாம் என்று பார்ப்போம். இவர்கள் உடனே உழுது, வரப்பைச் செதுக்கி, சேறு பூசி, அடுத்த நடவு வரைக்கும் தண்ணீரைக் கட்டி வைக்கிறார்கள். காய்ந்தால் வரப்பு வெடிக்கும். வெடித்த வரப்பில் அடுத்த மழை இறங்கினால் அது சரியும். அது சரிந்தால் அதன் கீழே இருக்கிற வயலும், அதற்குக் கீழே இருக்கிறதும் போகும். ஒருத்தர் வயலைப் போட்டுவிட்டுப் போனால் கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து. வெளியூர்க்காரர்கள் படம் பிடிக்க வருகிற அந்தத் தண்ணீர் முழுவதும் வரப்பைக் காப்பாற்ற நிற்கிற தண்ணீர்.

சில வயல்களில் தண்ணீர் தெரியாத அளவுக்குச் சிவப்பாக ஏதோ மூடியிருந்தது. குனிந்து அள்ளிப் பார்த்தேன்: அசோலா! தண்ணீரில் மிதக்கிற குட்டிப் பெரணி, உன் தொட்டியில் பச்சையாக வளர்கிறதே, அதேதான். குளிருக்கு இப்படிச் சிவந்துவிடுகிறது. நடவு முடிந்ததும் வயலில் மீன்குஞ்சு விடுவார்கள், அப்புறம் வாத்து. வாத்து களையையும் பூச்சியையும் தின்னும், எச்சம் உரமாகும். இங்கே உப்பில் ஊறவைத்த வாத்து முட்டை ரொம்பப் பிரசித்தம். மஞ்சள்கரு செக்கச் செவேலென்று, எண்ணெய் கசிய இருக்கும். காலையில் கஞ்சியோடு அதைச் சாப்பிட்டேன்.

அக்கா ஒரு இடத்தில் நின்று வரப்பின் உள்பக்கத்தைக் காட்டினார். கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை, அதன் வாயில் உருண்டை உருண்டையாகப் புது மண். நம் ஊர் நண்டு வளை மாதிரி என்று நினைத்தேன். நண்டு இல்லை, அமெரிக்காவைச் சேர்ந்த கிரேஃபிஷ், சிவப்புக் கொடுக்கு வைத்த, நன்னீரில் வாழ்கிற சிங்கி இறால் மாதிரியான உயிர். எங்கிருந்தோ கொண்டுவந்து விட்டது இப்போது மலை முழுக்கப் பரவி வரப்பைக் குடைகிறது. மேல்வயல் தண்ணீர் அந்தத் துளை வழியாகக் கீழே கசிந்துகொண்டே இருக்கும், ஒரு நாள் வரப்பே வாயைப் பிளக்கும். அக்கா கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினார், ஒன்றும் அகப்படவில்லை. சேற்றை அள்ளி அடைத்து, குதிகாலால் மிதித்து, மண்வெட்டியின் பின்பக்கத்தால் வழித்துவிட்டார். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மகன் அதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றான், இறங்கவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

ஊருக்கு மேலே, காடு தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், பெரிய வாய்க்கால் ஒன்று மூன்றாகப் பிரிகிறது. பிரிகிற இடத்தில் மடைப்பலகை இல்லை, பூட்டு இல்லை, ஷட்டர் இல்லை. குறுக்கே ஒரு மரக்கட்டை பதித்திருக்கிறது, அவ்வளவுதான். அதன் மேல்விளிம்பில் மூன்று வெட்டு. ஒன்று சாண் அகலம், ஒன்று அதில் பாதி, இன்னொன்று நாலு விரல். மூன்றுக்கும் ஆழம் ஒன்றே. ஒவ்வொரு வெட்டும் ஒரு கிளை வாய்க்காலுக்கு. கிளைக்குக் கீழே எவ்வளவு நிலம் இருக்கிறதோ அதைப் பார்த்து வெட்டின் அகலம். தண்ணீர் கட்டைக்கு முன்னால் வந்ததும் வேகம் குறைந்து, தட்டையாகி, அப்புறம் அந்த மூன்று வெட்டு வழியாகவும் வழிகிறது. மழையில் தண்ணீர் கூடினால் மூன்றிலும் கூடும். கோடையில் குறைந்தால் மூன்றிலும் குறையும். பங்கு மாறாது. சில இடங்களில் மரத்துக்குப் பதில் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், மாப்ள. அந்தப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நாலு விரல் வெட்டில் ஒரு இலை வந்து குறுக்கே மாட்டியது. அந்த நாலு விரலை நம்பிக் கீழே எத்தனையோ குடும்பம் இருக்கிறது என்ற நினைப்பில் நானே எழுந்து போய் அதை எடுத்துப் போட்டேன்.

நம் கண்மாயில் தலைமடைக்காரன் மூழ்கிக் கிடக்க, கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கணக்குத் தெரிந்த ஒரே ஆள் தாத்தாதான். இங்கே அந்தக் கணக்கைக் கட்டையில் வெட்டி, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வாய்க்காலில் பதித்துவிட்டார்கள். ஆனால் கட்டை மட்டும் போதாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு காவலர் உண்டு. ஊர் கூடித் தேர்ந்தெடுக்கிற ஆள். வாய்க்கால் நெடுகப் போய் வருவது, அடைப்பை எடுப்பது, கரை உடைந்தால் ஆளைத் திரட்டுவது, கட்டையில் யாராவது கை வைத்தார்களா என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அந்தத் தண்ணீரில் பாய்கிற வயல்காரர்கள் எல்லோரும் அறுவடையில் அவருக்கு நெல் அளக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. கட்டையைத் திருத்தினால் அபராதம். யுனெஸ்கோ ஆவணத்தின் கணக்குப்படி 4 பெரிய வாய்க்கால், 392 கிளை, மொத்த நீளம் 445 கிலோமீட்டருக்கு மேல். அத்தனையையும் ஊர்களே சேர்ந்துதான் பராமரிக்கின்றன.

இதைக் கேட்டதும் எனக்குத் தாத்தாவின் ஞாபகம்தான் வந்தது. அவருக்கும் ஏக்கருக்கு இத்தனை மரக்கால் என்று களத்தில் அளந்த காலம் இருந்தது. நீயும் நானும் கூட நின்று பார்த்திருக்கிறோம். அப்புறம் அறுவடை இயந்திரம் வந்தது, நெல் வயலிலிருந்தே வியாபாரி லாரிக்குப் போனது. களமே இல்லை என்றானபோது அவருக்கு அளக்கிறவனும் இல்லாமல் போனான். பதிலுக்குப் பணம் கொடுப்போம் என்று சொன்னவர்கள் எத்தனை பேர் கொடுத்தார்கள்? உங்கள் அப்பா கொடுத்தார், எனக்குத் தெரியும். மற்றவர்கள்? இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. கண்மாய்க் கூட்டம் நடக்கும்போது தாத்தா எங்கே நிற்பார்? ஆலமரத் திண்ணைக்கு வெளியே, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு. ஊர்த் தண்ணீரின் மொத்தக் கணக்கையும் தலையில் வைத்திருந்த மனுஷன், எந்தத் தெருவில் பிறந்தார் என்பதற்காக வெளியே நின்றார். அவருடைய மகன் திருப்பூருக்குப் போனதை நன்றிகெட்டத்தனம் என்று ஊரில் பேசினார்கள். எதற்காக அவன் இருக்க வேண்டும்? கூலியும் கிடையாது, உட்கார இடமும் கிடையாது. "ஆள் கிடைக்க மாட்டேங்குது" என்று நீ எழுதியிருக்கிறாய். கிடைக்கும்படி நாம் எதையும் வைத்திருக்கவில்லை, மாப்ள. எனக்கு இது ரொம்ப வலிக்கிறது. அவர் உயிரோடு இருக்கும்போது நம் தலைமுறை இதைப் பேசியிருக்க வேண்டும்.

ஹானி மக்களிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. திரும்பும் வழியில் அந்தப் பையனிடம், அம்மாவுக்கு அப்புறம் இந்த வயலை நீ பார்ப்பாயா என்று கேட்டேன். அவன் போனைப் பார்த்துவிட்டுச் சிரித்தான், அப்புறம் இல்லை என்று தலையாட்டினான். அண்ணனும் நகரத்தில்தான். வருஷத்துக்கு ஒரு போகம், எருமையோ சின்ன உழவு இயந்திரமோ மட்டும் போகிற அகலம், அறுத்ததை முதுகில் சுமந்து ஏற வேண்டும். தொழிற்சாலைச் சம்பளத்தோடு அது எப்படிப் போட்டி போடும்? அக்கா முன்னால் நடந்துகொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கேள்வி புரிந்ததோ என்னவோ, திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கிருந்து ஐச்சுன் பக்கம் நடந்து அஜெகெ என்ற சின்ன ஊருக்குப் போனேன். மண்சுவரும் வைக்கோல் கூரையுமாகக் குடை பிடித்த மாதிரி இருக்கும் ஹானி வீடுகளைக் காளான் வீடு என்பார்கள். அவை இன்னும் நிறைய மிஞ்சியிருக்கிற ஊர் அது. தண்ணீர் தெருவோரக் கால்வாயில் ஓடி ஊரைக் கடந்து வயலுக்குப் போகிறது. நடவுக்கு முன்னால் அதே தண்ணீரை எருக்குழி வழியாகத் திருப்பிவிட்டால், யாரும் சுமக்காமலேயே எரு வயலுக்கு இறங்கிவிடும். அங்கே 2018இல் சுன் யாட்சென் பல்கலைக்கழகத்துச் சுற்றுலாத் துறை ஆய்வாளர்கள், பேராசிரியர் பாவ் ஜிகாங் தலைமையில், ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். ஊருக்கென்று ஒரு நிறுவனம். நுழைவுச்சீட்டு வருமானத்தில் 70 சதவீதம் ஊராருக்கு, மீதி நிறுவனத்தின் செலவுக்கு. ஊராருக்குப் போகிற பங்கை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்: பழைய வீட்டை இடிக்காமல் காத்தால் 40 பங்கு, அடுக்கு வயலில் தொடர்ந்து நெல் பயிரிட்டால் 30, ஊரிலேயே குடியிருந்தால் 20, ஊர்ப் பதிவில் பெயர் இருந்தால் 10. அதாவது வரப்பு பூசுவதையும் கூரை வேய்வதையும் கூலி பெற வேண்டிய வேலை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 2024இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் சிறந்த கிராமங்கள் பட்டியலில் அஜெகெ இடம் பிடித்தது.

எனக்கு இதில் முழு நிம்மதி இல்லை. சுற்றுலாக்காரன் வருகிற வரைக்கும்தான் அந்தப் பணம். கோவிட் காலத்தில் உலகம் முழுக்க என்ன ஆனது என்று பார்த்தோமே. மலையின் எல்லா ஊருக்கும் இப்படி நுழைவுச்சீட்டு வைக்கவும் முடியாது. வாய்க்காலோ எல்லா ஊருக்கும் பொது. ஆனாலும் அஜெகெயில் ஒரு பெரியவர் கூரைக்கு வைக்கோல் அடுக்குவதைப் பார்த்தபோது, இவருக்கு இதற்குப் பணம் வருகிறது என்ற நினைப்பே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒன்றுமே செய்யாமல் "பாரம்பரியம்" என்று மேடையில் பேசுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

சாயங்காலம் மினி வேன் பிடித்துப் பாதா என்ற இடத்துக்குப் போய் அஸ்தமனம் பார்த்தேன். அழகுதான். படம் அனுப்புகிறேன், உன் வீட்டு அம்மணியிடம் காட்டு. உனக்கு ரசனை போதாது.

உனக்கென்று இன்னொரு சேதி இருக்கிறது. இந்த ஜியான்ஷுய்யிலும் பக்கத்து ஷிபிங்கிலும்தான் யுன்னான் வேளாண் பல்கலைக்கழகத்து ஜு யோயோங் குழு 1998, 1999இல் அந்தப் பெரிய நெல் சோதனையைச் செய்தது. குலைநோய் என்கிற பூஞ்சை நோய்க்கு எளிதில் சிக்குகிற ஒட்டரிசி ரகத்தைத் தனியாக நடாமல், அந்த நோயைத் தாங்குகிற கலப்பின நெல் நாலைந்து வரிசைக்கு நடுவே ஒரு வரிசையாக நட்டார்கள். தனியாக நட்டதோடு ஒப்பிட்டால் அந்த ரகத்தில் குலைநோய் 94 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 89 சதவீதம் கூடியது. இரண்டு வருஷ முடிவில் மருந்தடிப்பதையே விட்டுவிட்டார்கள். 2000இல் 'நேச்சர்' இதழில் வந்தது. போன வருஷம் உன் தூயமல்லி நெல்லைக் குலைநோய் அடித்ததே, ஒரு காணியில் மட்டும் இப்படி வரிசை மாற்றி நட்டுப் பாரேன். அசோலாத் தொட்டி வைக்கச் சொன்னபோதும் முறைத்தாய், இப்போது அதைப் பார்க்க பக்கத்து ஊரிலிருந்து ஆள் வருகிறது.

இனி நீ செய்ய வேண்டியது. சித்திரையில் கண்மாய் வற்றியதும் கூட்டம் போடு, ஆடி வரை இழுக்காதே. ஒட்டடையின் பெரியப்பாவிடம் பழைய ஆயக்கட்டுப் பட்டியல் இருக்கிறது. எந்த மடைக்கு எத்தனை ஏக்கர் என்று அதில் இருக்கும், நகல் எடுத்து வை. நீர்க்கட்டிக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று பணமாகவே முடிவு பண்ணி, சங்கக் கணக்கிலிருந்து மாதாமாதம் கொடுங்கள். அறுவடைக்குக் காத்திருக்க வைக்காதீர்கள். முதல் வருஷத்துக்குச் சங்கத்தில் பணம் போதாவிட்டால் நானும் புலவரும் போடுகிறோம், அவனிடம் நேற்றே பேசிவிட்டேன். தாத்தாவின் மகனைத் திருப்பூரில் நேரில் போய்ப் பார். வா என்று கெஞ்சாதே. சம்பளம் எவ்வளவு, அவனுக்கு என்ன அதிகாரம், கூட்டத்தில் அவன் நாற்காலி எங்கே என்று சொல்லிவிட்டுக் கேள். அவன் வரமாட்டேன் என்றால் எந்தத் தெருவிலிருந்து யார் முன்வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த மூன்றும் மாறக் கூடாது.

கூட்டத் தேதி முடிவானதும் எழுது. நான் டிக்கெட் போட வேண்டும்.

உன்,
பழைய அறைத்தோழன்